நெடுந்தீவில் குடித்த சிவப்புப் பியர்

எண்பத்துநாலாம் ஆண்டு சித்திரை கடைசியில், ஒரு சனிக்கிழமை, நான் நெடுந்தீவுக்குப் போனேன். ஊர் சுற்றிப் பார்க்கிறவர்களைப் போலக் குதிரை பார்க்கவுமில்லை, பெருக்க மரம் பார்க்கவுமில்லை. றெஜினா என்கிறவள் காய்ச்சும் பியரைக் குடித்து, அது கூடாது என்று சொல்வதற்காகப் போனேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு ஊர்காவற்றுறையில். என் மனுசன் வள்ளம் பழுதுபார்க்கும் ஓடாவி. நெடுந்தீவில் றெஜினாவின் தமையனுடைய வள்ளத்தில் வேலை எடுத்து, போனால் மூன்று நாள் தங்கி வருவார். வந்தால் வாயில் அவள் பியரின் புகழ்தான். எங்கள் பக்கத்தில் நத்தார்ப் பண்டிகைக்கும் கலியாணத்துக்கும் இஞ்சிப் பியர் என்றால் என் கை என்று பெயர். இருபது வருசமாக அதைக் குடித்த மனுசன், மூத்தவளின் கலியாணம் ஆவணியில் என்று நாள் குறித்ததும், சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு கேட்டார்.

"இஞ்சேரும், கலியாணத்துக்கு அந்தச் சிவப்புப் பியரை எடுப்பமே?"

நான் கறியை மூடினேன். "என்ரை மகளின்ரை கலியாணத்திலை ஆரோ காச்சின பியரோ?"

"நீர் ஒருக்கா வந்து குடிச்சுப் பாரும். நீர் கூடாது எண்டால் கதையை விட்டிடுவம். உம்மடை நாக்கை விட ஆருக்குத் தெரியும்."

அப்படிச் சொன்னால் போகாமல் இருக்க ஏலுமா.

காலை ஆறே காலுக்கு பஸ் எடுத்தோம். வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒன்றேகால் மணித்தியாலம். ஆளுக்கு மூன்று ரூபா. எட்டரைக்குப் படகு, ஐந்து ரூபா, கடலில் ஒரு மணித்தியாலம். தலை சுற்றுகிறவர்கள் பின்பக்கம் இருங்கள், முன்பக்கம் நனையும். நான் முன்பக்கம் இருந்தேன், அவர் சொன்னதால்.

இறங்குதுறையிலிருந்து றெஜினா வீடு ஒன்றரை மைல். வாகனம் இல்லை, நடைதான். இரண்டு பக்கமும் கடலில் எடுத்த கோறைக்கல் அடுக்கிய வேலி, மாடுகள், வெயில். மனுசன் வழி கேட்கவே இல்லை. எந்த வேலியில் திரும்ப வேண்டும் என்று கால் அறிந்திருந்தது. அதையும் மனதில் போட்டுக்கொண்டேன்.

றெஜினா கைம்பெண், முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். முழங்கால் வரை தலைமயிர். "வாங்கோ அக்கா, ஓடாவி அண்ணைக்கு உங்களைப் பற்றித்தான் எந்த நேரமும் கதை" என்றாள். பொய்யென்றாலும் அழகாகச் சொன்னாள்.

எப்படிக் காய்ச்சுகிறாய் என்று கேட்டேன். ஒளிக்கவில்லை. குரக்கனை ஊறவைத்துச் சாக்கில் முளைகட்டி, காயவைத்து, மண் ஓட்டில் நிறம் மாற வறுத்து, அரைகுறையாகத் திரித்து அவிக்கிறாள். வடித்து, பனங்கட்டி போட்டு, இறக்குகிற நேரம் ஒரு பிடி வேப்பம்பூ. ஆறியதும் பழைய கள்ளின் மண்டி ஒரு கரண்டி விட்டுப் புளிக்கவைத்து, போத்தலில் அடைத்து நிழலில் இரண்டு கிழமை.

"ஆர் பழக்கினது?"

"ஆத்தை. ஆத்தைக்கு ஆர் எண்டு தெரியேல்லை அக்கா."

கண்ணாடிக் கிளாஸில் ஊற்றினாள். பால் விடாத தேத்தண்ணியின் சிவப்பு. நுரை ஒரு விரற்கடை உயரத்துக்கு நின்றது, கீழே இறங்கவே இல்லை. மணத்தில் வறுத்த குரக்கன் முதலில் வந்தது, பனங்கட்டி பின்னால். வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, நடுவில் லேசான உப்பு, அது அந்தத் தீவின் கிணற்றுத் தண்ணி. விழுங்கின பிறகுதான் வேப்பம்பூ வந்து நாக்கைத் துடைத்துவிட்டுப் போனது. துடைத்ததும் இன்னொரு வாய் கேட்டது.

குறை கண்டுபிடிக்க ஒரு கிளாஸ் காணாது. இரண்டாவது வாங்கினேன். மூன்றாவதும் வாங்கினேன். வெறுங்கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னேன்:

"வேப்பம்பூ கூடிப்போச்சு. கைக்குது. கலியாணச் சனம் துப்பிப்போடும்."

றெஜினா கிளாஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, கைப்பு அடியிலை கிடக்கிற மண்டியிலைதான். அதை நாங்கள் குடிக்கிறேல்லை. கடைசி வாயை வேலிக்கு ஊத்திறனாங்கள்."

என் இஞ்சிப் பியரில் அடியில் ஒன்றும் நிற்காது. நான் எப்போதும் முழுவதும் குடிக்கிறவள். யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"மூண்டு கிளாஸும் மண்டியோடை முடிச்சிட்டியள்" என்றாள். சிரிக்கவில்லை. மனுசன் எழும்பிப் போய் மாட்டைப் பார்த்தார். அது அவளின் மாடு, அவருக்கு அதில் என்ன அலுவல்.

"ஆவணிக்கு முப்பது போத்தல் வேணும்" என்றேன். வேறு என்ன சொல்ல.

திரும்பும் படகு இரண்டரைக்கு. கடலில் வைத்து மனுசனிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டேன். "ஆர் காச்சினது எண்டு ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது."

"கேட்டால்?"

"வீட்டிலை காச்சினது எண்டு சொல்லுங்கோ. எந்த வீடு எண்டு ஆர் கேக்கப்போகினம்."

கலியாணத்தன்று முப்பது போத்தலும் ஒரு மணித்தியாலம் நிற்கவில்லை. என் இஞ்சிப் பியர் குசினியில் அப்படியே கிடந்தது. றெஜினாவும் வந்திருந்தாள். மனுசன் சொல்லியிருக்கிறார், என்னைக் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் கிளாஸோடு பந்தலுக்குள் வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி என்னிடம் சொன்னார்:

"சம்பந்தி, கையெண்டால் இதுதான் கை. இப்பிடி ஒரு பியரை நான் குடிச்சதில்லை."

நான் இல்லை என்று சொல்லவில்லை. றெஜினா நாலு முழம் தள்ளி நின்றாள். அவர் அவளைப் பார்த்தும் கேட்டார், "என்ன பிள்ளை, உண்மைதானே?"

"ஓம்" என்றாள் றெஜினா. "அக்கான்ரை கைக்கு ஆரும் கிட்ட வரேலாது."

அவள் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் நான் ஒரு கிழமை அழுதுவிட்டு மறந்திருப்பேன். விட்டுக்கொடுத்தாள். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க ஏலவில்லை. போகும்போது ஒரு சிறு பையில் வறுத்த குரக்கன் தந்துவிட்டுப் போனாள், நானே காய்ச்சிப் பார்க்கட்டும் என்று. கோழிக்குப் போட்டேன்.

இப்போது போகிறவர்களுக்கு: காலைப் படகையே பிடியுங்கள், பின்நேரம் காற்று எழும்பும். குடிதண்ணியும் குடையும் கையில் இருக்கட்டும். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவையுங்கள், விட்டால் இரவு அங்கேதான். எங்காவது வீட்டில் சிவப்புப் பியர் தந்தால் முதல் கிளாஸோடு எழும்புங்கள், கடலில் தலை சுற்றும்.

பிறகு வெளிநாட்டில் என் பிள்ளைகள் வீடுகளில் எத்தனையோ சிவப்புப் பியர் வாங்கித் தந்தார்கள். பேர் பெரிது, விலை பெரிது. ஒன்றிலும் நடுவில் அந்த உப்பு இல்லை. றெஜினா இப்போது இருக்கும் இடமும் எனக்குத் தெரியும், தொலைபேசி இலக்கமும் உண்டு. நன்றாயிருந்தது என்று அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் சொல்லியிருக்கிறேன்.