கீரிமலைக்காரர் எரிமலை ஏறியது

லண்டனில் ரெய்னர்ஸ் லேன் தமிழர்கள் நடக்கத் தொடங்கியது இயற்கையின் மேல் கொண்ட காதலால் அல்ல, இரத்தத்தில் சீனி ஏறியதால். டொக்டர் நடக்கச் சொன்னார். நாங்கள் முதலில் கடைக்கு நடந்தோம். மழைக்கு ஒரு ஜாக்கெட், காற்றுக்கு ஒரு ஜாக்கெட், இரண்டும் சேர்ந்து வந்தால் போட இன்னொன்று. ஊன்றுகோல் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளும் ஆட்கள், அதையே சோடியாக வாங்கி ‘போல்ஸ்’ என்று பெயர் சொல்லிப் பிடித்துக்கொண்டு சனிக்கிழமைகளில் ஹரோ குன்றில் ஏறினார்கள். இறங்கி வந்ததும் ரோல்ஸ், கட்லட், சீனி போட்ட தேத்தண்ணி. இறக்கியதை எல்லாம் அங்கேயே திரும்ப ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்.

குழுவை நடத்தியவர் சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் எஞ்சினியர். எங்கள் எல்லோரையும்விட இளையவர். எதற்கும் ஒரு அட்டவணை போடாவிட்டால் அவருக்கு நித்திரை வராது. ஒருநாள் அவர் என் கணவரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டார். இவர் கீரிமலை என்றார். அந்த நிமிடமே இவரை மலைநாட்டு மனிதர் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கீரிமலையில் மலை கிடையாது. கடல் உண்டு, கேணி உண்டு, கோயில் உண்டு. மலை பெயரில் மட்டும்தான். யாழ்ப்பாணம் முழுவதுமே தோசைக்கல் மாதிரித் தட்டை. என் கணவர் வாழ்க்கையில் ஏறிய பெரிய உயரம் பாதாள ரயில் நிலையத்து எஸ்கலேட்டராகத்தான் இருக்கும், அதுவும் அது தானாக ஏற்றிவிட்டது. விஷயத்தைத் திருத்த இவர் வாயைத் திறப்பதற்குள் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்துவிட்டது. பள்ளி விடுமுறையில் டெனரீஃப் தீவு, எரிமலைப் பாதைகளில் பகல் நடை, முன்னால் வழிநடத்துபவர் கீரிமலை அண்ணா. கைதட்டும் படங்கள் வந்து கொட்டின.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அந்த வசந்த காலத்தில்தான் இவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். நாங்கள் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. எங்கள் ஆட்கள் வீடு வாங்கினால் ஊரைக் கூட்டிச் சொல்வார்கள், நோய் வருத்தம் வந்தால் மூடிக் கட்டிவிடுவார்கள். வெளியில் தெரிந்தால் கண்ணூறு. அதைவிட மோசம் அனுதாபம். அதைவிடவும் மோசம், மகளுக்குக் கலியாணம் பேசும்போது ‘தகப்பனுக்கு நெஞ்சு வருத்தமாம்’ என்று ஒருவர் மற்றவரின் காதில் போடுவது. ஆகவே இவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் போர்த்துக்கல்லில் விடுமுறையில் இருப்பதாக நான் செய்தி பரப்பினேன். வெளிறிப்போய் வீடு திரும்பியவரைப் பார்த்து, அங்கே நல்ல வெயிலா என்று விசாரித்தார்கள்.

இதயம் நன்றாக வேலை செய்கிறது, நடக்கலாம், ஏறலாம் என்று டொக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பயம்தான் இறங்கவில்லை. வீட்டு மாடிப்படியில் பாதியில் நின்று நாடி பார்ப்பார். குப்பைத்தொட்டியை வாசலுக்குத் தள்ளிவிட்டு வந்து கதிரையில் சாய்ந்திருந்து நெஞ்சைத் தடவுவார். ஹரோ குன்றிலும் ஏறாமல் கீழே ரோல்ஸ் பெட்டிக்குக் காவல் நிற்பார். மலையில் பிறந்தவருக்கு இந்தக் குன்றெல்லாம் தூசு என்று எஞ்சினியர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். எனக்கோ அழுகையாக வரும். மனுசனைப் பிழைக்க வைத்து என்னிடம் தந்தார்கள், ஆனால் எனக்குத் தெரிந்த மனுசன் இன்னும் வீடு வந்து சேரவில்லை. எரிமலையோ எருமைமாடோ, எதன் மேலாவது ஏறட்டும் என்று நானே டிக்கெட் போட்டேன்.

தீவில் எங்கு பார்த்தாலும் கறுப்புக் கல். எரிமலைக் குழம்பு என்றோ ஓடி வந்து இறுகிய இடத்தில் பைன் மரங்கள் முளைத்திருந்தன. எங்கள் குழு இயற்கையை ரசித்த விதம் வியப்பாக இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் யாராவது நின்று, போனை எடுத்து, ஒரு கல்லை நெடுநேரம் படம் எடுத்தார்கள். முந்தின வளைவில் கிடந்த கல்லுக்கும் இதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்து அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எரிமலையின் வாய்க்கு ஏறும் சரிவு தொடங்கிய இடத்தில் இவர் நின்றுவிட்டார். உடனே எல்லோரும் நின்றார்கள். அண்ணா காற்றின் போக்கைப் பார்க்கிறார் என்று பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னார்.

“தம்பி, ஒரு உண்மை சொல்லவேணும்,” என்றார் இவர் எஞ்சினியரிடம். “கீரிமலையில மலை இல்லை. கடல்தான் இருக்கு. என்னால உங்களைக் கூட்டிக்கொண்டு போகேலாது.”

எஞ்சினியர் இவர் தோளில் கை வைத்தார். “அண்ணா, நான் பரங்கிமலை. அங்க நிஜமாவே மலை இருக்கு. காலேஜ் முடிக்கிற வரைக்கும் அதோட அடிவாரத்துலதான் இருந்தேன். ஒரு தடவைகூட ஏறினதில்ல. வாங்க, போலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. ஏறாமல் தப்பக் கைவசம் இருந்த ஒரே சாட்டும் போய்விட்டது. எனக்குக் கால் சுளுக்கிவிட்டது என்று சொல்லி அவரைக் காப்பாற்ற நான் வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“எனக்கு ஹார்ட் அட்டாக் வந்தது. ஸ்டென்ட் வச்சிருக்கு. ஏறப் பயமாயிருக்கு.”

மகளின் கலியாணப் பேச்சு அந்தச் சரிவில் உருண்டு போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.  பிறகு, காலையிலிருந்து அதிகமான கற்களைப் படம் எடுத்த ஓய்வுபெற்ற கணக்காளர் போனைப் பைக்குள் போட்டார்.

“எனக்கு ரெண்டு,” என்றார். அவருடைய மனைவி முழங்கையால் இடித்தார், ஆனால் பிந்திவிட்டது. மன்னாரைச் சேர்ந்த, மாதா கோயிலில் பாட்டு நடத்துபவர் சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றி, பைபாஸ் செய்த தழும்பைக் காட்டினார். அவர் அப்போது வேளாங்கண்ணிக்குப் போயிருந்ததாகத்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கடைசியில் எஞ்சினியரும் தனக்குப் பிரஷர் குளிசை இருக்கிறது, வீட்டில்கூடச் சொல்லவில்லை என்றார். எங்கள் குழுவில் நல்ல இதயம் படைத்தவர்கள் எவ்வளவு குறைவு என்று அன்றுதான் தெரிந்தது.

அதன்பிறகு எவரும் கல்லைப் படம் எடுக்கவில்லை. மூச்சு வாங்கினால், மூச்சு வாங்குகிறது என்று சொல்லி நின்றார்கள். இவர் முன்னால் போனார். நிற்க வேண்டிய இடத்தில் நின்றார், மற்றவர்கள் நின்றபோது காத்திருந்தார்.

மேலே ஒன்றும் இல்லை. பெரிய பள்ளம், அதற்குள்ளும் அதே கறுப்புக் கல். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கணக்காளரின் மனைவி கேட்டார். இவர் என்னிடம் வந்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து நாலு பேர் பார்க்க என் விரலைக்கூடத் தொடாதவர்.

“இஞ்சேரும்,” என்று கூப்பிட்டு என் கையை எடுத்து, ஜாக்கெட்டைத் திறந்து நெஞ்சில் வைத்தார். “பிடிச்சுப் பாரும். அடிக்குது.”

நன்றாகத்தான் அடித்தது. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். நான் கையை எடுக்கவில்லை.