நிஸ்தார் நானா வெட்டி எடுத்த குரல்

முதல் பாடவேளை நடந்துகொண்டிருந்தபோது நிஸ்தார் நானாவின் மகள் ரிஸ்னா அழைத்தாள். வகுப்பில் கைபேசியை எடுப்பதில்லை என்பதால் விட்டுவிட்டேன். உடனே மறுபடியும் அடித்தது. வெளியே வந்து எடுத்தேன். "டீச்சர், வாப்பா மௌத்தாயிட்டாங்க" என்றாள். விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்து இறந்துவிட்டாராம். "உட்கார்ந்தாரா?" என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டதாக அவள் பிறகு சொன்னாள். அவரை அறிந்த உங்களுக்கு என் கேள்வி புரியும். அவர் உட்கார்ந்து நாம் எப்போது பார்த்தோம்?

பண்டாரவளையிலிருந்து பதுளைக்குப் போகும் பாதையில் மண் சரிந்து, ஒரு பக்கமாக மட்டும் வாகனங்களை விட்டார்கள். பஸ்ஸுக்குள் எழுந்து நிற்பதும் மறுபடி உட்காருவதுமாக இருந்தேன். வீட்டை அடைந்தபோது ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். பெண்கள் நிறைந்த அறையில் ரிஸ்னாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய கடையைத் திறந்து எங்கள் பாட்டுகள் இருக்கும் டிஸ்க்குகளைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு அந்த நேரத்திலும் என்னை விடவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் அவராக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

பதுளை பஸாரில் கைபேசி திருத்துகிறவர் என்றே பலருக்கு அவரைத் தெரியும். அந்தக் கடையின் பின்னறையில், ஊவாத் தோட்டங்களில் நாங்கள் இருவரும் பதிந்த பாட்டுகள் ஒரு பழைய கணினியில் சேர்ந்துகொண்டிருந்தன. நான் தோட்டத்தில் பிறந்த சங்கீத டீச்சர். யார் எதைப் பாடுவார்கள் என்று எனக்குத் தெரியும். மைக்கும் கணினியும் அவர் பொறுப்பு. தாலாட்டு, ஒப்பாரி, காமன் கூத்துப் பாட்டு, தப்பு மேளம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பதிந்துகொண்டு வருவோம்.

ஒழுங்குபடுத்துவதில்தான் சண்டை வந்தது. தெமோதரையில் பாடிய தாலாட்டைத் தோட்டத்தின் பெயரில் வைப்பதா, பாடியவர் பெயரில் வைப்பதா, தாலாட்டுகளோடு வைப்பதா? மூன்று இடத்திலும் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மூன்றிலும் தனித்தனி நகலாகக் கொப்பி போட்டதில் டிஸ்க் நிரம்பிவிட்டது. அவர் எங்கேயோ படித்து 'ஹார்ட் லிங்க்' என்ற வழியைக் கண்டுபிடித்து வந்தார். பாட்டு டிஸ்க்கில் ஒரே இடத்தில்தான் இருக்கும். எத்தனை கோப்புறைகளில் வேண்டுமானாலும் அதற்குப் பெயர் கொடுக்கலாம். கூடுதல் இடம் பிடிக்காது. ஒரு பெயரை அழித்தாலும் மற்றப் பெயர்களில் பாட்டு இருக்கும்.

எனக்கு விளங்கவில்லை. எது அசல், எது நகல் என்று கேட்டேன். கடைக்குள் நடந்தபடியே சொன்னார்: "உம்மா என்ன 'தம்பி' என்டுவா. கடையில வேல செய்றவங்க 'முதலாளி' என்டுறாங்க. நீங்க 'நானா' என்டுறீங்க. இதுல எது அசல் டீச்சர்? ஆள் ஒண்டுதானே."

அந்த வாரமே எல்லாப் பாட்டுகளையும் அப்படி மாற்றிவிட்டார். இரண்டு பேருக்கும் பெருமை தாங்கவில்லை.

பூமணியக்காவின் தாலாட்டில்தான் அடி விழுந்தது. தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் லயத்து வீட்டுக்குள் வைத்துப் பதிந்த நீளமான பாட்டு அது. இடையிடையே வேறொரு முணுமுணுப்பும் கேட்கும். இரைச்சல் என்று நினைத்து நானா அதையெல்லாம் வெட்டிவிட்டு, வெட்டிய இடம் தெரியாமல் ஒட்டினார். 'மூலம்' என்ற கோப்புறையில் பதிந்தபடியே ஒன்று இருக்கிறது என்ற தைரியம் அவருக்கு. ஆனால் அங்கே இருந்ததும் அதே பாட்டின் இன்னொரு பெயர்தான். அவருடைய மென்பொருள் புதிதாக ஒரு கோப்பை உண்டாக்காமல், இருந்ததன் மேலேயே எழுதியிருந்தது. ஒரு பெயரில் வெட்டியது எல்லாப் பெயர்களிலும் வெட்டுப்பட்டுவிட்டது. அது எங்கள் இருவருக்கும் தெரியாது.

சில மாதங்களில் பூமணியக்காவின் கணவர் இறந்துபோனார். காரியம் முடிந்த பிறகு அவர்களின் மகள் கடைக்குத் தொலைபேசியில் அழைத்தாள். அம்மா பாடும்போது மறந்துபோன வரிகளை அப்பா பக்கத்தில் இருந்து எடுத்துக்கொடுத்தாராம். அவருடைய குரல் வேறு எதிலும் இல்லையாம். அந்தப் பாட்டை அனுப்ப முடியுமா என்று கேட்டாள்.

நாங்கள் ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்தோம். தோட்டத்தின் பெயரில், பூமணி என்ற பெயரில், தாலாட்டு என்ற பெயரில், கடைசியாக 'மூலம்' என்பதில். எல்லாவற்றிலும் பூமணியக்கா மட்டும் தடங்கல் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தார். டிஸ்க் பழுதாகிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றேன். அவர் கடையைப் பூட்டிக்கொண்டு பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

லயத்து வாசலில் நின்றபடியே சொன்னார்: "உங்கட மாப்பிள்ளட கொரல நான்தான் அழிச்சேன் தங்கச்சி. சத்தம் என்டு நெனச்சு வெட்டிட்டேன்."

பூமணியக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பிறகு கேட்டார்: "வெட்டுன எடத்துல இப்ப என்னங்க கேக்குது?"

"ஒண்டும் கேக்காது. தெரியாத மாதிரி ஒட்டிட்டேன்."

"ஒட்டாம விட்டிருக்கலாங்க" என்றார். தேநீர் கொடுத்தார். நானா அதையும் நின்றுகொண்டே குடித்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெட்டுவதற்கு முன்னால் பாட்டை யாருக்காவது கொடுத்தோமா என்று என்னைத் துளைத்தெடுத்தார். பெரகல சந்தியில் தேநீர்க் கடை வைத்திருக்கும் செல்வம் அந்தத் தோட்டத்தில் வளர்ந்தவர். அவருக்கு ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தது எனக்கு நினைவு வந்தது. அழைத்தால் எடுக்கவில்லை. மறுநாளே கிளம்பினோம். பெரகலயில் கைக்கெட்டும் தூரம் தெரியாத பனி. செல்வம் தலையைச் சொறிந்தார். பென் டிரைவை வெல்லவாய பஸ் ஓட்டுநர் ஒருவர் படப் பாட்டு ஏற்றுவதற்கு வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

அந்த பஸ் வரும்வரை சந்தியில் காத்திருந்தோம். பனிக்குள் ஒவ்வொரு விளக்கு தெரியும்போதும் நானா பாதையில் இறங்கினார். செல்வம் இரண்டு தடவை கையைப் பிடித்து இழுத்தார். கடைசியில் அந்த பஸ் வந்தது. ஓட்டுநர் சிரித்துக்கொண்டே பென் டிரைவைக் கழற்றிக் கொடுத்தார். படப் பாட்டுகள் நிறைய இருந்தன. அவற்றுக்கு அடியில் தாலாட்டும் இருந்தது. கடையிலேயே போட்டுக் கேட்டோம். பூமணியக்கா ஓர் இடத்தில் தடுக்கி நிற்கிறார். ஓர் ஆண்குரல் தாழ்வாக அடுத்த வரியைச் சொல்கிறது. நானா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "லிங்க் ஒரு டிஸ்க்க விட்டு மத்த டிஸ்க்குக்குப் போகாது டீச்சர். வெளிய போனதுதான் உண்மையான கொப்பி" என்றார்.

அன்றே தெமோதரைக்கும் போனோம். பூமணியக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் சட்டென்று சிரித்தார். "இந்த எடத்துல அவரு தப்பாச் சொல்றாரு பாருங்க. அப்பவே சொன்னேன், கேக்கல" என்றார்.

அதற்குப் பிறகு, பதிந்தவற்றை வேறொரு டிஸ்க்கில் எழுத முடியாதபடி பூட்டி வைப்பது எங்கள் வழக்கமாயிற்று. லிங்க்குகள் எல்லாம் மற்ற டிஸ்க்கில். காலையில் நான் சாப்பிட உட்காரும்போது அழைப்பார். "மத்த டிஸ்க்கில போட்டீங்களா?" சுகம் விசாரிப்பது அதற்குப் பிறகுதான்.

இப்போது அந்த டிஸ்க்குகள் என் வீட்டில் இருக்கின்றன. ரிஸ்னா கொண்டுவந்து தந்தாள். எனக்கு நிம்மதி இல்லை. சமைக்கும்போதும் விட்டுவிட்டு வந்து ஒன்றைத் திறந்து பார்க்கிறேன். இன்னும் எதை வெட்டிவிட்டோம், யாருடைய குரல் எங்கே இல்லாமல் போயிருக்கிறது என்ற எண்ணம் ஓய்வதில்லை. கேட்பதற்கு அவரும் இல்லை.

அப்படிப் பார்த்தபோதுதான் எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெரியவர் தப்பு மேளம் வாசித்த பதிவு பாதியில் நின்றுபோவது தெரிந்தது. இரண்டு டிஸ்க்கிலும் அப்படியே. பெரியவர் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய மகனுக்கு வட்ஸ்அப்பில் வருத்தம் தெரிவித்து எழுதினேன். அனுப்பப் போகும் நேரத்தில் அழித்துவிட்டு பஸ் ஏறினேன். நிஸ்தார் நானாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். இல்லாமல் போனதை இல்லை என்று, அந்த வீட்டு வாசலில் நின்று, முகத்தைப் பார்த்துச் சொல்வது.

சொன்னேன். அந்த மகன் கதவை அகலத் திறந்தார்.

"உள்ள வாங்க டீச்சர்" என்றார். "இருக்கிற வரைக்கும் போடுங்க, கேப்போம்."