வழிமொழிந்த வெர்லீன்

ஆளுநர் வாரியத்தைக் கலைத்துவிட்டார் என்று வானொலி சொன்னபோது வெர்லீன் டிரம்மண்ட் சலூனில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். மாநிலத்தின் சிறுவர் தடுப்பு இல்லங்களை மேற்பார்வை பார்க்கும் வாரியம் அது. ஏழு உறுப்பினர்களில் அவளும் ஒருத்தி. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற கையோடு கிடைத்த பதவி. சம்பளம் கிடையாது, ஊரில் மரியாதை உண்டு. சாயத்தோடேயே எழுந்து நின்றுவிட்டாள்.

"ஒம்பது வருஷம்! ஒரு கூட்டம் தவறினதில்ல. ரேடியோக்காரனுக்குச் சொன்னவங்க எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"உக்காருங்க மிஸ் வெர்லீன், காதெல்லாம் வழியுது," என்றாள் சலூன்காரி.

இல்லங்களில் அடிதடி, கைகால் முறிவு என்று பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டிருந்தன. அதெல்லாம் காவலர்கள் செய்த தப்பு, நமக்கென்ன என்றுதான் அவள் இருந்தாள். நான்காம் நாள் கடிதம் வந்தது. ஐந்து பேர் புதியவர்கள். பழையவர்களில் இரண்டு பேர் தொடரலாம். தவறாமல் வந்தவர் என்பதால் வெர்லீனுக்கு ஓர் இடம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் வாசலில் அடுப்பை மூட்டி, கெளுத்தி மீன் பொரித்து, தெருவையே சாப்பிடக் கூப்பிட்டாள்.

கூப்பிடாத ஒருத்தியும் வந்தாள். லக்ரீஷா. சின்னப் பிள்ளையில் வெர்லீனின் பேருந்தில் போனவள். தட்டை வாங்காமல் ஒரு காகிதத்தை நீட்டினாள். போன மாதக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. டெவோன்ட்ரே, வயது பதினைந்து, தண்டனையாகத் தனியறையில் அடைப்பு, நாற்பத்தோரு நாள். கீழே, 'வழிமொழிந்தவர்: வெ. டிரம்மண்ட்.'

"எம் புள்ளை இன்னும் அந்த ரூமுக்குள்ளதான் இருக்கான். இன்னிக்கு அறுபத்தெட்டு."

"இது எங்ககிட்ட வரவே இல்லையே, கண்ணு."

"வந்திருக்கு. உங்க பேரு போட்டிருக்கு, பாருங்க."

வந்துதான் இருந்தது. பேச வேண்டியதில்லை என்று அலுவலகம் கருதுவதையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி மாதாமாதம் அனுப்புவார்கள். கூரைப் பழுது, பால் ஒப்பந்தம், தனியறைப் பட்டியல், எல்லாம் அதற்குள். மொத்தத்துக்கும் ஒரே வாக்கெடுப்பு. தலைவர் வாயை மூடுவதற்குள் வெர்லீன் "வழிமொழியறேன்" என்பாள். அதில் அவளை முந்த ஆளில்லை என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். பிறகு காப்பி குடிக்கப் போய்விடுவார்கள்.

"எங்களை இறக்கிவிட்டதும் கடைசி சீட்டு வரைக்கும் நடந்து பாப்பீங்களே, எவளாவது தூங்கிட்டுக் கெடக்காளான்னு," என்றாள் லக்ரீஷா. "இந்தக் காகிதத்துக்குள்ள அப்படி ஒரு தடவை நடந்திருக்கக் கூடாதா?"

எண்ணெயில் கருகிக்கொண்டிருந்த மீனை யாரோ வந்து எடுத்தார்கள். விருந்தினர் போனதும் வெர்லீன் அலமாரியைத் திறந்தாள். ஒன்பது வருடக் கட்டுகள். பாதிக்குமேல் ரப்பர் வளையம்கூடக் கழற்றாமல் கிடந்தன. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அந்தப் பையனை எப்படியாவது தனியறையிலிருந்து வெளியே கொண்டுவந்தாக வேண்டும். அடுத்த கூட்டம் வரைக்கும் எட்டு நாளும் அதே வேலை. புது உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்தாள். பேச வேண்டியதை எழுதி வைத்துக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தாள். கூட்டத்தன்று சீக்கிரமே போய், வாரியத்தின் எழுத்தர் ஓடெல் அம்மாளைப் பிடித்தாள்.

"கட்டுல இருந்து ஒரே ஒரு பக்கத்தைத் தனியா எடுக்கணும்னா எத்தனை ஓட்டு வேணும்?"

"ஓட்டா? உறுப்பினர் ஒருத்தர் கேட்டாலே போதும், மிஸ் வெர்லீன். எப்பவுமே அதான் விதி."

ஒன்பது வருடமும் தான் கேட்டிருக்கலாம் என்று வெர்லீனுக்கு உறைத்தது. எப்பவுமேயா?

கூட்டம் ஆரம்பித்தது. ஆள்தான் மாறியிருந்தது, கட்டு மாறவில்லை. புதுத் தலைவர், கழுத்துப்பட்டை கட்டிய வங்கிக்காரர், சுற்றிலும் பார்த்தார். "மொத்தமா நிறைவேத்திடலாமா? யாரு வழிமொழியறீங்க?"

"அம்பத்தாறாம் பக்கத்தைத் தனியா எடுங்க," என்றாள் வெர்லீன்.

"தாராளமா," என்றார் அவர்.

இல்லங்களின் இயக்குநர் அந்தப் பக்கத்தை வாசித்தார். டெவோன்ட்ரே, தனியறையில் எழுபத்தாறு நாள்.

"எதுக்கு?" என்று புது உறுப்பினர் ஒருவர் கேட்டார்.

"சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிஞ்சிருக்கான்."

"அதுக்கு எழுபத்தாறு நாளா?"

இயக்குநர் முன்னும் பின்னும் தாளைப் புரட்டினார். "இன்னிக்கே தனியறையில இருந்து மாத்திடறோம்," என்றார். தலைவர் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். மொத்தம் நான்கு நிமிடம். வெர்லீன் எழுதி வைத்திருந்த பேச்சு பைக்குள்ளேயே கிடந்தது.

இடைவேளையில், பார்வையாளர் பக்கம் லக்ரீஷா உட்கார்ந்திருந்த கடைசி வரிசைக்குப் போனாள். லக்ரீஷா அழுவாள், கட்டிக்கொள்வாள் என்று நினைத்திருந்தாள். லக்ரீஷா எழுந்திருக்கவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"நாலே நிமிஷம். அவ்வளவுதானா, மிஸ் வெர்லீன்?" என்று கேட்டாள்.