குணசுந்தரி விட்டுக்கொடுத்த பத்து வரிசை

சென்ற மாதம் ஒரு காலை, வாலாஜாபேட்டை அலுவலகத்தில் மாங்கன்று விநியோகப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. மாதனூர்ப் பக்கத்திலிருந்து குணசுந்தரியின் கொழுந்தன் சம்பத்து பேசினார். "அண்ணி போய்ட்டாங்க மேடம்" என்றார். மூன்று வாரமாக வேலூர் மருத்துவமனையில் இருந்தவர்தான், என்றாலும் அந்தச் செய்தியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

குணசுந்தரியை அறிந்த ஊர்க்காரர்களான உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவரோடு எனக்கு இருந்த ஒரு பிணக்கை மட்டும் உங்களில் பலர் அறியமாட்டீர்கள். அதைச் சொல்லாமல் அவரை நல்லவர், உழைப்பாளி என்று எழுதினால் அவருக்கே பிடிக்காது.

அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினொரு ஆண்டுகள் தையல் பிரிவில் வேலை பார்த்தவர். கணவர் ஏழுமலைக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. தினமும் கம்பெனி பஸ்ஸில் போகும்போது, பாலாற்றுப் பக்கம் தங்கள் ஒன்றரை ஏக்கர் முள் மண்டிக் கிடப்பது ஜன்னல் வழியே தூரத்தில் தெரியுமாம். ஒரு நாள் இறங்கிவிட்டார். "கெணத்துல தண்ணி இருக்குது, நெலம் சும்மா கெடக்குது. பாத்துக்குனே போக முடில" என்பதுதான் அவர் என்னிடம் சொன்ன காரணம். ஏழுமலை வேலையைத் தொடர்ந்தார். இவர் முள்ளை வெட்டினார்.

நான் அப்போது மாதனூர் வட்டாரத்தில் தோட்டக்கலை உதவி அலுவலராக இருந்தேன். அவருக்கு வீரிய ரகக் கத்திரி விதையும் மானியத்தில் சொட்டுநீர்க் குழாயும் கொடுத்தேன். சொன்னபடி செய்பவர், சொன்னது ஏன் என்றும் கேட்பவர். முதல் பருவத்திலேயே செடி முறிந்துவிடும்போல் காய்த்தது. காய்களுக்கு நடுவே அவரை நிறுத்திப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினேன். பாராட்டும் வந்தது.

அடுத்த மாதம் முன்னறிவிப்பின்றி அந்தப் பக்கம் போனேன். வரப்போரம் கத்திரிக்காய் குவியலாகக் கிடந்தது. இரண்டு மாடுகள் தின்றுகொண்டிருந்தன. குணசுந்தரி பறித்த காயை மேலும் ஒரு கூடை கொண்டுவந்து அதன்மேல் கொட்டினார்.

"நீங்க வெளைய வெச்சிட்டீங்க மேடம். இதை யாரு தூக்கறது?" என்று கேட்டார்.

குரலில் கோபம் இல்லை. நிலத்திலிருந்து மெயின் ரோடு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. இடையில் வரப்பு மட்டும்தான். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளச் செய்யும் கத்திரிக்காய்க்காக ஆம்பூர்க் கடைக்காரர்கள் காலை ஏழு மணிக்குள் காய் கேட்பார்கள். தலைச்சுமையாகத் தூக்கிச் செல்ல ஆள் கிடையாது. தூக்கக்கூடிய பெண்களெல்லாம் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் தப்பில்லை என்பார் அவர். "ஆளை ஏத்திக்குனு போக ஊர் வாசலுக்கே பஸ் வருது. காயை ஏத்திக்குனு போக ஒரு வண்டி வரல. அப்ப ஆளு எங்க போவாங்க?" அக்கம்பக்கத்து நிலங்கள் தரிசாகக் கிடந்ததற்கு நான் தண்ணீரையும் சோம்பலையும் காரணமாக எழுதியிருந்தேன். உழவு இயந்திரம்கூட உள்ளே வர முடியாத இடம் அது என்பதை நான் யோசித்திருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் வரப்பில் நடந்துதான் போனேன், இருந்தும் யோசிக்கவில்லை.

பாதை எங்கள் துறையின் வேலை இல்லை என்று சொன்னேன். "சரி மேடம்" என்றார்.

அந்த வாரமே அவர் கிராம நிர்வாக அலுவலரிடம் போயிருக்கிறார். பழைய வரைபடத்தில் அங்கே ஒரு வண்டிப்பாதை இருந்தது. ஆண்டுக்கு ஒரு உழவுச் சால் என்று ஆளாளுக்கு உழுது உழுது அதைத் தின்றுவிட்டிருந்தார்கள், அவருடைய மாமனார் உட்பட. நிலத்துக்காரர்கள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் ஜல்லி ரோடு போட்டுத் தருவதாக ஊராட்சியில் சொன்னார்கள். மொத்தம் ஒன்பது குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். எட்டு ஞாயிறு அலைந்து, தன் வீட்டையும் சேர்த்து எட்டுக் கையெழுத்து வாங்கினார்.

ஒன்பதாவது சம்பத்து, ஏழுமலையின் தம்பி. பாகப்பிரிவினைக்குப் பிறகு இரு வீட்டுக்கும் பேச்சு குறைவு. அவருடைய ஆறு தென்னை மரங்கள் பழைய பாதையின் மேல் நின்றன. கையெழுத்து கேட்கப் போன நாளில் நானும் கூட இருந்தேன். சம்பத்து அண்ணிக்கு நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், பிறகு மறுத்தார்.

"ரோடு வந்தா கத்திரிக்கா மட்டும் போவாது அண்ணி. நெலமும் போய்டும். மொதல்ல டெம்போ வரும், பின்னாலயே புரோக்கர் வருவான்."

திரும்பி வரும் வழியில் நான் குணசுந்தரியிடம் சட்டம் பேசினேன். மரங்கள் நிற்பது பாதைப் புறம்போக்கில். மனு கொடுத்தால் சர்வேயர் வந்து அளப்பார், மரங்களை அகற்றிவிடலாம். வரைபட நகல் அவர் கையிலேயே இருந்தது. அவர் கேட்டுக்கொண்டே நடந்தார். தன் நிலத்துக்கு வந்ததும் நின்று, கிணற்றோரப் பாத்தியைக் காலடி வைத்து அளந்தார். அதுதான் அவர் நிலத்திலேயே நல்ல மண்.

"இங்க பத்து வரிசை செடி எடுத்துட்டா ரோடு வளைஞ்சு போய்டும். மரம் நிக்கட்டும்" என்றார்.

ஏன் நீங்கள் இழக்க வேண்டும் என்று நான் சற்றுக் கடுமையாகவே கேட்டேன்.

"மரத்தை வெட்டிட்டு ரோடு போட்டா அவன் அதுல கால் வெக்க மாட்டான் மேடம். அப்புறம் அது எனக்கு மட்டும் ரோடு. அவன் சொல்றதும் பொய்யில்ல."

சம்பத்து மறுநாள் கையெழுத்துப் போட்டார். அண்ணி தன் பத்து வரிசையை விட்டுக்கொடுப்பதைக் கேட்டதும் தானே வந்து போட்டதாக ஏழுமலை பின்னர் சொன்னார்.

ரோடு வந்த பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். காலை ஆறு மணிக்கு டெம்போ நிலத்தோரம் வந்து நின்றது. உழவு இயந்திரம் வந்தது, அறுவடை இயந்திரம் வந்தது, பால் வண்டி வந்தது. இரண்டே பருவத்தில் தரிசு பெரும்பாலும் பச்சையாகிவிட்டது. கம்பெனி வேலையை விடாமலே சிலர் காலையில் காய் பறித்து ஏற்றிவிட்டு பஸ் பிடித்தார்கள்.

இந்த வளர்ச்சியைப் பார்க்க மேலதிகாரிகள் வந்தார்கள். வீரிய ரகமும் சொட்டுநீரும்தான் காரணம் என்று என் அறிக்கை சொன்னது. அப்படியே சொல்லும்படி குணசுந்தரியிடமும் கேட்டுக்கொண்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பந்தலில் பெரிய அதிகாரி அவரைப் பார்த்து, விளைச்சல் பெருகியதற்கு எதம்மா காரணம் என்று கேட்டார்.

"மேடம் குடுத்தது நல்ல வெதைதான் சார். ஆனா அதே வெதையில வந்த காயைத்தான் முந்தின வருஷம் மாட்டுக்குக் கொட்டினோம்" என்றார் குணசுந்தரி.

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வெகுநாள் காதில் இருந்தது. அதன் பிறகு ஆறு மாதம் நான் அவர் நிலத்துப் பக்கம் போகவில்லை. வேலை அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவர் செடியில் காய்ப்புழு விழுந்து தகவல் சொல்லியனுப்பியபோதும் உதவியாளரைத்தான் அனுப்பினேன். இதை எழுதும்போது இன்றும் கூசுகிறது.

அவரே ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, உட்காரச் சொல்லாமல் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் இவர்களைப் பார்த்துத் தாங்களும் ரோடு கேட்கிறார்களாம். கூட்டம் போட்டு இவரைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"ரோடு போட்டா போதும், எல்லாம் தானா வெளைஞ்சிரும்னு நெனச்சுக்குனு இருக்காங்க. அது தப்பு. அங்க தண்ணியில உப்பு ஜாஸ்தி. எந்த வெதை தாங்கும், மண்ணுக்கு இன்னா போடணும்னு நீங்க வந்து சொல்லணும். எனக்கு அது தெரியாது."

நான் கோப்பை மூடினேன். பந்தலில் என்னைக் குறைத்துப் பேசிவிட்டார் என்று ஆறு மாதம் மனதில் வைத்திருந்தேன். அவரோ அங்கே விதைக்கு இல்லாத பெருமையை விதைக்குத் தரவில்லை, இங்கே ரோட்டுக்கு இல்லாத பெருமையை ரோட்டுக்குத் தரவில்லை. அவ்வளவுதான். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அந்தக் கூட்டத்துக்கு இருவரும் அவர் மகனின் ஸ்கூட்டரில் சேர்ந்து போனோம். நான் ஓட்டினேன்.

சம்பத்து சொன்னதும் பாதி பலித்தது. இரண்டு குடும்பங்கள் நிலத்தை மனைக்கு விற்றுவிட்டன. வளைவுக்கு அப்பால் கல் நட்டு வெள்ளை அடித்தார்கள். "நான் அப்பவே சொன்னேன் அண்ணி" என்று சம்பத்து வந்து நின்றபோது குணசுந்தரி வாதாடவில்லை. "சொன்னே. நெசம்தான்" என்றார். பிறகு என்னிடம், "தப்பு பண்ணிட்டனா மேடம்?" என்று கேட்டார். இல்லை இல்லை என்று அவசரமாகச் சொன்னேன். அந்த அவசரம் அவருக்குப் பிடிக்கவில்லை. "யோசிச்சு சொல்லுங்க" என்றார். யோசித்தேன். இன்னும் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஏழு குடும்பம் பயிர் செய்கிறது, இரண்டு குடும்பம் போய்விட்டது. அந்த இரண்டையும் அவர் கடைசிவரை மறக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போன நாளில், வேலூர் லாங் பஜார் நெரிசலில் மாட்டித் தாமதமாகிவிட்டது. உள்ளே நுழைந்தால் கட்டில் பக்கத்தில் சம்பத்து உட்கார்ந்து, அன்று காலை எத்தனை மூட்டை காய் ஏற்றினார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவர் படுத்த நாள் முதல் அவர்தான் பறித்து ஏற்றுகிறாராம். குணசுந்தரி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "முத்தின காயை எடுத்துடு. பிரியாணிக் கடை பாய் திருப்பி அனுப்பிடுவாரு" என்று மட்டும் சொன்னார். நான் அவரிடமிருந்து கடைசியாகக் கேட்ட பேச்சு அது. அவர் மறைந்த பத்தாம் நாள் ஒரு புரோக்கர் வந்து அந்த ஒன்றரை ஏக்கரைக் கேட்டிருக்கிறான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நின்று இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் குணசுந்தரியிடமிருந்து வைத்துக்கொண்டது அவருடைய துணிவை அல்ல. அது எனக்கு வரவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த பதில் வரும்வரை அல்லாமல் எதிரில் இருப்பவரின் பதில் முடியும்வரை காத்திருப்பதை வைத்துக்கொண்டேன். சென்ற வாரம் வாலாஜாபேட்டைக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டில் படிவம் நிரப்பப் போனேன். விளைச்சல் கூடியதற்குக் காரணம் என்ற கட்டத்தில் முன்பானால் நானே எழுதியிருப்பேன். அந்த அம்மாளிடம் கேட்டேன். பகலில் மோட்டாருக்குக் கரண்ட் வந்ததில் தொடங்கி, மகள் வேலைக்குப் போனது, பக்கத்து வீட்டுக்காரர் வாய்க்காலைத் திறந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே போனார். கட்டத்தில் இடம் போதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்.