பானையில் கலந்த ரோஜா சிரப்

எங்கள் மாமாவின் கல்யாணத்தை நடத்திவைத்தது நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. இதைச் சொன்னால் அம்மா சிரிப்பார், அத்தை தலையாட்டுவார், மாமா மட்டும் பேச்சை மாற்றுவார். நான் பட்டம் வாங்கிய படத்தை வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை படித்த முதல் ஆள் என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்லாமல் விடுவதில்லை. எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் நான் செய்த முதல் சாதனை அதுவல்ல.

வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வட்டாரச் சங்கம் தலைவர் விழா நடத்தும். எங்கள் வீட்டில் அவரைப் பெயர் சொல்லிப் பேச மாட்டோம். தலைவர் என்றால் அவர்தான். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்தக் காலத்துத் தொழிலாளர் குடியிருப்பில், ஒரே கப்பலில் வந்து ஒரே மூட்டையைத் தூக்கியவர்கள்கூட, சாதி பார்த்துத் தனித்தனிப் பானையில் தண்ணீர் குடித்தார்களாம். ஒரு நாள் தலைவர் புதுப் பானை ஒன்றை நடுவாசலில் வைத்து, எல்லா வீட்டுத் தண்ணீரையும் கொண்டுவந்து அதில் ஊற்றச் சொன்னார். முதல் குவளையைத் தானே குடித்தார். அதற்குப் பிறகுதான் கூலிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் எல்லாரும் சேர்ந்து போய்க் கேட்க முடிந்தது என்று சங்கச் செயலாளர் ஒவ்வொரு விழாவிலும் தொண்டை கரகரக்கச் சொல்வார்.

அதனால் விழாவுக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவர வேண்டும். பூன் லேயிலிருந்து எங்கள் அடுக்குமாடி புளோக்குக்காரர்கள் கொண்டுவருவார்கள். துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து லாரியில் வரும் அண்ணன்மார்கள் பெரிய கேனில் கொண்டுவருவார்கள். எல்லாம் ஒரே பானையில் போகும். சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கு ஒரு குவளை. எனக்கு இது விளங்கவே இல்லை. எல்லார் வீட்டுக் குழாயிலும் ஒரே அரசாங்கத் தண்ணீர்தானே வருகிறது? அதைப் போத்தலில் அடைத்து, பேருந்தில் சுமந்துபோய், அங்கே கலந்து குடிப்பானேன்? கேட்டால், வாயை வைத்துக்கொண்டு சும்மா வா என்பார்கள்.

வழக்கமாக எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் விழா, அந்த வருடம் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனது. மாமாவுக்கு அங்கே மைக்கும் விளக்கும் பார்த்துக்கொள்ளும் வேலை. தமிழ் மாணவர்கள் விழாவைச் சேர்ந்து நடத்தலாம் என்று அவர் மூலம் சொல்லியனுப்பினார்கள். மெத்தை இருக்கைகளும் பல்லைக் கிட்டிக்கவைக்கும் ஏர்கானும் இருந்த மண்டபத்துக்குள், அம்மா தண்ணீர்ப் போத்தல்களைக் கட்டிப்பிடித்தபடி, யாராவது தடுத்துவிடுவார்களோ என்பதுபோல நடந்தார்.

மாமாவுக்கு அங்கே இன்னொரு வேலையும் இருந்தது. வளாகத்து நூலகத்தில் வேலை பார்த்த ஒரு அக்காவை அவர் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார். அக்காவுக்கும் விருப்பம்தான். அக்காவுக்கு இருந்தது அம்மா ஒருவர் மட்டும், ஓய்வுபெற்ற தமிழாசிரியை. எல்லாரும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவோம். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு மகளோடு வந்தபோதெல்லாம் அன்பாகப் பேசினார், என் பள்ளிப் பாடத்தை விசாரித்தார். ஆனால் அம்மா கொடுத்த தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது. விரதம் என்றார். எங்கள் வீட்டுக்கு வரும் நாளாகப் பார்த்து அவருக்கு விரதம் வந்துவிடுகிறதே என்று நான் பாவப்பட்டிருக்கிறேன்.

அவரைத்தான் மாணவர்கள் கட்டுரைப் போட்டிக்குப் பரிசு கொடுக்க அழைத்திருந்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மேடைக்குப் பின்னால் மைக் கம்பியைச் சுருட்ட நான் மாமாவுக்கு உதவிக்கொண்டிருந்தேன். அம்மா அங்கே வந்தார். மாமாவின் முகம் சரியில்லை.

"எல்லார் முன்னாடியும் பானைத் தண்ணி அவங்க கைக்கு வரும்க்கா. குடிச்சிட்டாங்கன்னா போதும். குடிக்க மாட்டாங்கன்னுதான் தோணுது. வேணாம்னு தள்ளிட்டா, அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் பொண்ணு கேக்குறது? கேக்க மாட்டேன்."

பெரிய மனுஷிக்குப் பரீட்சை வைக்காதே, போய் உன் மைக்கைப் பார் என்று அம்மா அதட்டினார். ஆனால் அவரும் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றார்.

எனக்குப் பிரச்சினை பளிச்சென்று புரிந்துவிட்டது. டீச்சர் பானைத் தண்ணீரைக் குடிக்க மாட்டார், ஏனென்றால் அதில் ஒரு ருசியும் இல்லை. எனக்கே அது பிடிக்காது. இவ்வளவு படித்த மாமாக்களுக்கும் செயலாளர்களுக்கும் இது ஏன் தோன்றவில்லை? சாப்பாட்டு மேசையில் ரோஜா சிரப் போத்தல் ஒன்று மூடி திறந்து நின்றது. எல்லாரும் மாணவர்களின் நடனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் ஏறி, போத்தலைப் பானைக்குள் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்துக்கொண்டு, பெரிய கரண்டியால் கலக்கியும் விட்டேன்.

செயலாளர் முதல் குவளையை முகந்தபோது அது இளஞ்சிவப்பாக வந்தது. அவர் குவளையைப் பார்த்தார், பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"தலைவர் என்ன சிரப்பா குடிச்சாரு?"

"கிடைச்சிருந்தா குடிச்சிருப்பாருண்ணே" என்றார் துவாஸிலிருந்து வந்த அண்ணன் ஒருவர்.

மண்டபம் சிரித்தது. கொட்டிவிட்டு வேறு ஊற்றலாம் என்றால், வீட்டுத் தண்ணீர் முழுதும் பானைக்குள் போயிருந்தது. செயலாளர் முணுமுணுத்தபடியே குடித்தார். பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டு, சரி கொடுங்கள் என்றார். மாணவர்கள் வரிசையில் முண்டினார்கள். நல்லா இருக்கு லா என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டே போனார். நான் யாரையும் கேட்காமல் ஒரு குவளையை எடுத்துக்கொண்டு நேராக முதல் வரிசைக்கு நடந்தேன்.

டீச்சர் புன்னகையோடு வாங்கிக்கொண்டார். பக்கத்து இருக்கைக்காரரோடு பேச்சில் இருந்ததால் இந்தக் கூத்து எதையும் அவர் கவனிக்கவில்லை. ஒரு வாய் குடித்தார். அந்த நேரம் பார்த்து, பரிசு அறிவிப்புக்காக மாமா மைக்கோடு அவர் அருகில் வந்து நின்றார்.

"நல்லா இருக்கே. எந்தக் கடையில வாங்குனது பாப்பா?"

"கடையில வாங்கல டீச்சர். பானைத் தண்ணி. எங்க வீட்டுது, எல்லார் வீட்டுதும் இருக்கு. நீங்க குடிக்க மாட்டீங்கன்னு மாமா சொன்னாங்க. அதான் இனிப்பாக்குனேன்."

மாமாவின் கையிலிருந்த மைக் அணைக்கப்படவில்லை. நான் சொன்னது மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்டது. அம்மா பானைக்குப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். நடைபாதையில் பரிசுத் தட்டை ஏந்தி நின்ற அக்கா அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு சேர்த்துக்கொண்டார். மாமாவுக்கு மைக்கை அணைக்கும் பொத்தான் எது என்பதே மறந்துவிட்டது.

டீச்சர் குவளையைப் பார்த்தார். மாமாவை நிமிர்ந்து பார்த்தார். திரும்பி மகளைப் பார்த்தார். அவர் முகம் சிவந்திருந்தது. பிறகு குவளையை உயர்த்தி மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

நான் வெற்றிநடை போடத் திரும்பினேன். அவர் என் தோளைத் தொட்டார்.

"சிரப் போடாத தண்ணி இருக்கா?"

என் நெஞ்சு உடைந்துவிட்டது. இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா தன் பையோடு வந்துவிட்டார். திரும்பும் வழியில் எனக்குத் தாகமெடுத்தால் கொடுப்பதற்காக அதில் அரைப் போத்தல் வைத்திருந்தார். அதை வெளியே எடுத்துவிட்டுத் தயங்கினார்.

"இது எங்க வீட்டுத் தண்ணி மட்டுந்தான் டீச்சர்."

"அதைத்தாம்மா கேட்டேன்."

அம்மா அவசரமாகக் குவளையில் ஊற்றியதில் பாதி தரையில் கொட்டியது. மீதியை டீச்சர் நின்றபடியே, எல்லாரும் பார்க்க, நிதானமாகக் குடித்தார். பிறகு மாமாவின் கையிலிருந்த மைக்கை வாங்கி, அக்காவைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். அவர் பேசியது ஒன்றும் யாருக்கும் கேட்கவில்லை. கைதட்டலும் விசிலும் அப்படி. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, ஏர்கானைக் குறைக்கச் சொல்லி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

நான் மட்டும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரு முழுப் போத்தல் சிரப்பை ஊற்றி நான் செய்ததை விட்டுவிட்டு, டீச்சர் தன் வீட்டுக் குழாயிலேயே வரும் வெறும் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார். அதற்குப் போய் இத்தனை பேர் கைதட்டுகிறார்கள். அம்மா குனிந்து என்னை வெளியே இழுத்து, ஈரக் கன்னத்தை என் கன்னத்தோடு அழுத்திக்கொண்டார். அவருக்கும் வருத்தம்தான் என்று நினைத்தேன். அடுத்த வருடம் இனிப்பைக் குறைத்துப் போடுகிறேன், கட்டாயம் டீச்சருக்குப் பிடிக்கும், அழாதீர்கள் என்று அம்மாவைத் தேற்றினேன்.