பொறி கலங்கிய மாலை

இங்கே டொராண்டோவில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால், முதல் வார்த்தையே "பயப்படாதீர்கள்" என்பதுதான். அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயமே வரும். போன குளிர்காலத்தில் என் மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது வாசல் பனியில் வழுக்கி விழுந்து தலையை இடித்துக்கொண்டாள். ஆசிரியை போனில் வரிசையாகக் கேள்வி கேட்க, ரத்தமே வரவில்லையே என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தெம்பாகச் சொன்னேன். பிள்ளையைக் கவனிக்காத அம்மா என்று முடிவு கட்டியிருப்பார். பிறகு நிதானமாக 'கன்கஷன்' என்றார். படிப்பு, டிவி, ஓட்டம் எல்லாவற்றுக்கும் தடை. பக்கத்து வீட்டுக்காரர் சளிக்காய்ச்சலை விசாரிப்பதுபோல் சகஜமாக அதை விசாரித்தார்.

அகராதியில் 'மூளை அதிர்ச்சி' என்று போட்டிருக்கிறது. அதை எந்த வீட்டில் பேசுகிறோம்? சென்னைப் பக்கம் சேலையூரில் நாங்கள் 'பொறி கலங்கிடுச்சு' என்றோம். கிட்டத்தட்ட அதே விஷயம்தான். ஆனால் 'ஒண்ணு விட்டேன்னா பொறி கலங்கிடும்' என்று மிரட்டவும், அப்புறம் சொல்லிச் சிரிக்கவும்தான் அந்தப் பேச்சு பயன்பட்டது. பொறி கலங்கியவனை யாரும் டாக்டரிடம் கூட்டிப் போனதில்லை. என் தம்பி செந்தில் கிரிக்கெட் பந்தைத் தலையில் வாங்கிக்கொண்டு, ஐஸ் ஒத்தடம் வைத்து, திரும்பவும் பேட்டிங் ஆடப் போனான். தெருவே கைதட்டியது.

செந்தில் இப்போது சேலையூரிலேயே கணக்கு ஆசிரியர். ஜி.எஸ்.டி. ரோட்டில் போலீஸ் நிற்கும் வரைதான் அவன் தலையில் ஹெல்மெட் இருக்கும். கேம்ப் ரோட்டுக்குத் திரும்பியதும் அது கைக்கு வந்துவிடும். சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, எனக்குக் காலை, அவர்களுக்கு மாலை, சும்மா வீடியோவில் கூப்பிட்டேன். சோபாவில் தலையில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தான். நானாகக் கூப்பிடாவிட்டால் சொல்லியே இருக்க மாட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவளை எதற்குக் கலவரப்படுத்த வேண்டும் என்ற அந்தப் பாழாய்ப்போன கரிசனம்!

"மண்ணுல வண்டி சறுக்கிடுச்சு, அவ்ளோதான்" என்றாள் அவன் மனைவி கவிதா.

"அங்க இப்ப மணி என்னக்கா?" என்றான் செந்தில். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி, "அங்க இப்ப மணி என்ன?" கவிதா சிரித்தாள். வெளிநாட்டுக்காரர்களிடம் நம் ஆட்கள் எல்லோரும் கேட்பதுதானே. மூன்றாம் முறையும் அதே கேள்வி, அதே குரலில் வந்தது. மகளின் ஆசிரியை கேட்டதுபோல் நானும் கேள்வி கேட்க ஆரம்பித்தேன்.

"ஸ்கூல்ல இன்னிக்கு என்னடா நடத்தின?"

"சண்டே ஏதுக்கா ஸ்கூல்?"

"கவிதா, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

"ரத்தமே வரலக்கா. வெளிய நல்லா வீங்கியிருக்கு, அதனால பயமில்லன்னு மாடி வீட்டு ஆன்ட்டி சொன்னாங்க. படுத்து எழுந்தா சரியாயிடும். அங்கயே இருந்து இருந்து உங்களுக்கு எல்லாமே பெருசாத் தெரியுது."

சுருக்கென்றது. கோபத்தைக் காட்டினால் போனை வைத்துவிடுவாள். கன்கஷன் என்றேன், புரியவில்லை. மூளை அதிர்ச்சி என்றேன், சினிமா வசனம்போல இருந்தது. கடைசியில், "கவிதா, அவனுக்குப் பொறி கலங்கியிருக்கும்மா. வீட்டுக்கு எப்படி வந்தான்னு அவனையே கேளு" என்று கத்தினேன்.

கேட்டாள். செந்தில் வாயைத் திறந்தான். பதில் வரவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகம் மாறியதும் போன் சோபாவில் விழுந்தது. அப்புறம் கூரையில் சுற்றும் மின்விசிறி மட்டும்தான் தெரிந்தது. அவள் ஆட்டோவைக் கூப்பிடும் குரல் கேட்டது. பிறகு இணைப்பும் துண்டிக்கப்பட்டது. நான் வேலைக்குப் போகாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை. "கன்கஷனாம் அக்கா" என்றாள் கவிதா, அந்த வார்த்தையை ஜாக்கிரதையாக உச்சரித்து.

வீடு திரும்பியதும் செந்திலே பேசினான். ராஜகீழ்ப்பாக்கத்துச் சித்தப்பா பார்க்க வந்தாராம், ஊரப்பாக்கத்திலிருந்து அவன் ஸ்கூல் ஹெச்.எம். வந்தாராம். "கேம்ப் ரோட்டுல திரும்பினது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரில கவிதா முகம். நடுவுல நீ இருந்தியாமேக்கா?"

"இருந்தேன்டா" என்றேன். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுக்கு நான் தேவைப்பட்டபோது, அங்கே இருந்தது அந்த ஒரு மாலைதான். அதுவும் அவன் ஞாபகத்தில் இல்லை.