அப்பாவின் இடது கையைக் கட்டினேன்

ஸ்ரீரங்கத்தில் ஆட்டோ ஓட்டும் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஆட்டோவில் ஆக்சிலேட்டரைத் திருகுவது அந்தக் கைதான். குடும்பத்தில் முதல் பட்டதாரியான நான் எங்கெங்கோ விசாரித்து, தில்லை நகரில் ஒரு சிகிச்சை மையத்துக்கு அவரை அழைத்துப்போனேன்.

அங்கே கண்ணில் வி.ஆர். கருவியை மாட்டினார்கள். அதற்குள் பலூன்கள் பறக்கும்; வலது கையால் தொட்டு உடைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அப்பாவின் இடது கையே முந்தியது. எனக்குப் பொறுமை போய்விட்டது. துண்டை எடுத்து அந்தக் கையை நாற்காலியோடு கட்டிவிட்டேன்.

“என்னடா, திருடனையா கட்டுற?” என்றார் அப்பா.

பிசியோதெரபி அக்கா துண்டை அவிழ்த்துவிட்டு, விளையாட்டை மாற்றினார். பக்கத்துத் திரையில் நானும் பார்த்தேன். ஒரு சிறுமி கை நீட்டி மாம்பழம் கேட்டாள். அப்பாவின் இடது கை பாதி எழுந்தது. அவரே அதைக் கீழே இறக்கினார்.

“சின்னப் பிள்ளைக்குப் பீச்சாங்கையிலயா கொடுக்கிறது? இரு பாப்பா, தரேன்.”

வலது தோள் நடுங்கியது. மடியில் கிடந்த கை ஒரு சாண் எழுந்து விழுந்தது. பழம் அவளுக்கு எட்டவில்லை.

“இன்னொரு தடவை போடும்மா” என்றார் அப்பா.

வலது கையால் கொடுக்க அவருக்கு எதிரே ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளாக நிற்கப் பட்டம் தேவையில்லை. இப்போது தினமும் காலையில், “சாவி கொடுங்கப்பா” என்று உள்ளங்கையை நீட்டி நிற்கிறேன். பல நாள் ஆட்டோ சாவி தரையில்தான் விழுந்தது. நேற்று என் கையில் விழுந்தது.

“நாளைக்கும் கேளு” என்றார்.